4,142 வெள்ளிக்கு ஒரு பட்டியல்: உபகாரச் சம்பளம் தேடித் தரும் நிறுவனத்தைப் பற்றி ஒரு தாயின் மதிப்புரை

என் மேசை இழுப்பறையில் ஒரு ரசீது இருக்கிறது. 3,800 சிங்கப்பூர் வெள்ளி, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, ஆக மொத்தம் 4,142 வெள்ளி. முதல் நாள் வாயால் சொன்ன விலையிலும் சுவரில் ஒட்டியிருந்த விலையிலும் வரி சேர்ந்திருக்கவில்லை. வரியையும் சேர்த்தே விலையைக் காட்டவேண்டும் என்பது சிங்கப்பூரில் விதி. பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் ரசீது பார்த்தே பிழைப்பவள் நான். அன்றே எழுந்து வந்திருக்கவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன்.

வெளிநாட்டுக் கல்லூரிகளில் உபகாரச் சம்பளம் தேடித் தருவதாகச் சொல்லும் நிறுவனம் அது. பெயரை எழுதப்போவதில்லை. இதே தொழிலில் நகரில் பல நிறுவனங்கள் இருக்கின்றன. எனக்கு நேர்ந்தது எல்லா இடத்திலும் நேரும் என்று சொல்லவும் மாட்டேன். என் பணம் எங்கே போனது, அதற்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் வரவு செலவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலவரம். ஈசூனில் நாலறை வீடு. கணவர் மின்தூக்கிப் பராமரிப்பில் தொழில்நுட்பர். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 7,000 வெள்ளி. மகள் 2024இல் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய கடைசி ஆண்டு), மகன் உயர்நிலை ஒன்று. மகளுக்கு இயந்திரப் பொறியியல் படிக்க ஆசை, அதுவும் வெளிநாட்டில். மத்திய சேம நிதியிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாமா என்று கணவர் கேட்டார். அந்த நிதியின் கல்விக் கடன் திட்டம் உள்ளூர்க் கல்விக்கூடங்களுக்கு மட்டும்தான். பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்தால் எல்லாம் கிடைக்கும். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் படித்தால் திரும்பிவந்து ஆறு ஆண்டுகள் அரசாங்கத்தில் வேலை பார்க்க ஒப்பந்தம் செய்யவேண்டும். பதினெட்டு வயதில் ஆறு ஆண்டுகளை எழுதிக் கொடுக்க மகளுக்கு விருப்பமில்லை. அதை நான் குறை சொல்லவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஜூன் விடுமுறையின் கடைசி வாரத்தில் அந்த அலுவலகத்துக்குப் போனோம். எங்களிடம் பேசிய மேலாளர் தமிழர். “அக்கா, நம் பிள்ளைகளுக்கு இல்லாத உபகாரச் சம்பளமா? கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்” என்றார். நன்றாகப் பேசினார், அதை மறுக்கவில்லை. முதல் நாள் முழுக்க நான் அக்கா. பணம் கட்டிய மறுவாரம் மேடம் ஆனேன். பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டபோது மின்னஞ்சலில் ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே’ என்று வந்தது. இந்த மூன்று விளிகளையும் வைத்தே இந்த மதிப்புரையை முடித்துவிடலாம், ஆனால் விவரம் வேண்டுவோர் இருப்பார்கள்.

பணம் கட்டிப் பத்து நாளில் பட்டியல் வந்தது. வண்ணம் வண்ணமாகக் கட்டம் போட்ட கோப்பு, மொத்தம் 62 உபகாரச் சம்பளங்கள். மகள் குதித்தாள். எனக்கும் முதல் பார்வையில் பிரமிப்புதான். இரவு சமையலறை மேசையில் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலும் அடிக்கோலுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொன்றின் சொந்த இணையப்பக்கத்துக்கும் போய், யாருக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த நாட்டவருக்கு, என்ன கெடு என்று பார்த்தேன். மூன்று இரவுகள் ஆயின.

செவ்னிங் என்று இருந்தது. அது முதுநிலைப் படிப்புக்கு. கேட்ஸ் கேம்பிரிட்ஜ், அதுவும் பட்டமேற்படிப்புக்கு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், அருமையான திட்டம், அதுவும் முதுநிலைக்குத்தான். பள்ளியை முடிக்கும் பிள்ளைக்கு இவற்றை எதற்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இப்படி 21 போயிற்று. வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு என்று தெளிவாக எழுதியிருந்தவை 14. ஆஸ்திரேலிய அரசின் ‘ஆஸ்திரேலியா அவார்ட்ஸ்’ அதில் ஒன்று. சிங்கப்பூர் அந்த வரிசையில் இல்லை. அமெரிக்கக் குடிமக்களுக்கான அரசாங்க உதவிகள் 8. ‘ஃபாஃப்சா’ என்னும் படிவத்தை நிரப்பச் சொல்லியிருந்தார்கள், நம் பிள்ளைகளால் அதைத் தொடவே முடியாது. கெடு முடிந்தவை 6. ஒரே உபகாரச் சம்பளம் இரண்டு பெயரில் இரண்டு முறை வந்தவை 4. எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தபின் மிச்சம் 9.

கெடு முடிந்த ஆறில் ஒன்று இன்னும் மனத்தில் உறுத்துகிறது. ஜப்பானியக் கல்வி அமைச்சின் ‘மெக்ஸ்ட்’ உபகாரச் சம்பளம். இளநிலை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, விமானச் சீட்டு அவர்கள் பொறுப்பு, மாதம் 117,000 யென், நம் பணத்தில் ஏறத்தாழ ஆயிரம் வெள்ளி. திரும்பிவந்து இத்தனை ஆண்டு வேலை பார் என்ற ஒப்பந்தமும் கிடையாது. தூதரகத்தின் வழியே விண்ணப்பித்து, கணிதம், அறிவியல் உள்ளிட்ட தேர்வுகளை எழுதவேண்டும். பட்டியலில் டிசம்பர் என்று போட்டிருந்தது. உண்மையில் அதற்கான விண்ணப்பம் ஆண்டின் நடுப்பகுதியோடு முடிந்துவிடுகிறது. நாங்கள் கையெழுத்துப் போட்டபோதே அது முடிந்திருந்தது. தேர்வில் மகள் தேறியிருப்பாள் என்று சொல்லவில்லை. எழுதிப் பார்த்திருப்பாள்.

மிச்சமிருந்த ஒன்பதில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகம் தரும் லெஸ்டர் பி. பியர்சன் உபகாரச் சம்பளம் இருந்தது. நான்கு ஆண்டுக் கட்டணம், புத்தகம், விடுதி எல்லாம் அடக்கம். ‘இணையத்தில் விண்ணப்பிக்கவும்’ என்று மட்டும் பட்டியல் சொன்னது. சொல்லாமல் விட்டது என்னவென்றால், மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. அவர் படிக்கும் பள்ளி முன்மொழியவேண்டும், ஒரு பள்ளி ஒரே ஒருவரைத்தான் முன்மொழியலாம். மகள் ஆசிரியரிடம் கேட்கப் போனபோது வேறொரு மாணவரை முடிவுசெய்துவிட்டிருந்தார்கள். பள்ளியின் மேல் தவறில்லை. அந்தப் பையன் முன்கூட்டியே கேட்டிருந்தான், இவள் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். அதைச் சொல்வதற்குத்தானே 4,142 வெள்ளி?

இனி அவர்கள் நன்றாகச் செய்த ஒரே காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. கட்டுரை பார்க்க ஓர் இளைஞரை வைத்திருந்தார்கள். சீனர், வயது இருபத்தைந்து இருக்கலாம், பகுதிநேர வேலை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் 650 சொல்லுக்கு மிகாமல் ஒரு கட்டுரை எழுதவேண்டும். மகள் முதலில் பள்ளி வலைப்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கியதைப் பற்றி எழுதினாள். அவர் படித்துவிட்டு, “இதை உன் குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேரும் எழுதலாம்” என்றாராம். பிறகு ஒரு மணி நேரம் வேறு எதையெதையோ பேசியிருக்கிறார். பேச்சுவாக்கில் இவள், மின்தூக்கியின் சத்தத்தை வைத்தே அது எந்த மாடியில் சிக்கியிருக்கிறது என்று சின்ன வயதில் அப்பாவோடு பந்தயம் கட்டுவதைச் சொல்லியிருக்கிறாள்.

அதைத்தான் எழுதினாள். எங்கள் புளோக்கின் பழைய மின்தூக்கி ஏழாம் மாடியைத் தாண்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அது கதவின் அடிப்பள்ளத்தில் மணல் சேர்ந்ததாலா, வழிகாட்டித் தண்டவாளத்தின் இணைப்பு விலகியதாலா என்று அப்பாவும் மகளும் இரண்டு வாரம் வாதாடினார்களாம். எனக்கு இதெல்லாம் தெரியாது, நான் அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பேன். கட்டுரையை அவள் வாசித்துக் காட்டியபோது கணவர் ஒன்றும் சொல்லவில்லை. “இணைப்புதான். மணல் என்று எழுதியிருக்கிறாய், மாற்று” என்று மட்டும் சொன்னார். அவள் மாற்றவில்லை. அந்த வயதில் மணல் என்றுதான் நினைத்தாளாம்.

அந்த இளைஞருக்கு ஐந்துக்கு ஐந்து. நிறுவனத்துக்கு நான் தரும் மொத்த மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் அவருடையது. டிசம்பரில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இனி வயிற்றெரிச்சல். அமெரிக்கக் கல்லூரிகளின் விண்ணப்பத்தில் ‘நிதியுதவி கோருகிறீர்களா’ என்று ஒரு கேள்வி வரும். ஆம் அல்லது இல்லை. மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? “மேடம், இப்போது இல்லை என்று போடுங்கள். பணம் கேட்காத பிள்ளை என்றால் எளிதில் இடம் கொடுப்பார்கள். உள்ளே போனபின் கேட்டுக்கொள்ளலாம்.” பாதி உண்மை எப்போதும் முழுப் பொய்யைவிட ஆபத்து. பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும்போது அவருக்குப் பணம் தேவையா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, அது உண்மை. அவர் சொல்லாத மறுபாதி இதுதான்: சேரும்போது நிதியுதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு நான்கு ஆண்டுகளும் கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் விதியே வைத்திருக்கின்றன.

நவம்பர் முதல் தேதிக் கெடுவுக்கு ஒரு கல்லூரிக்கு அப்படியே ‘இல்லை’ என்று போட்டு அனுப்பினோம். தொடக்கக் கல்லூரியின் இறுதித் தேர்வான ஏ நிலைத் தேர்வுக்கு நடுவில் நடந்தது, நானும் ஊன்றிப் பார்க்கவில்லை. டிசம்பர் நடுவில் ஒருநாள் விடிகாலை மகள் அறையிலிருந்து கத்தினாள். இடம் கிடைத்துவிட்டது. கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் காலணியோடு வீட்டுக்குள் வந்துவிட்டார், எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம். தேக்காவில் இனிப்பு வாங்கி அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். இரண்டு நாள் அப்படி ஓடியது. மூன்றாம் நாள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது, மிக மரியாதையாக. தங்கள் மகள் நிதியுதவி கோரவில்லை என்பதால், எங்கள் விதிப்படி, அவர் படிக்கும் காலம் முழுவதும் அது கிடைக்காது. விதி இருக்கும் பக்கத்தின் முகவரியையும் கீழே கொடுத்திருந்தார்கள். அது எல்லாரும் பார்க்கக்கூடிய பக்கம். நானும் பார்த்திருக்கலாம்.

மேலாளரை அழைத்தேன். “மற்றக் கல்லூரிகளுக்கு ஆம் என்று போடுங்கள்” என்றார்.

அன்று இரவிலிருந்து பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஜனவரிக் கெடுக்களுக்கு இரண்டு வாரம் இருந்தது. முதலில், அமெரிக்க வெளியுறவு அமைச்சின் ஆதரவில் இயங்கும் ‘எஜுகேஷன் யுஎஸ்ஏ’ என்னும் ஆலோசனைச் சேவையின் இணையவழிக் கூட்டமொன்றில் உட்கார்ந்தேன். இது உலகமெங்கும் இருக்கிறது, இலவசம். யாரும் அக்கா என்று அழைக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது, ஆறு மாதத்தில் புரியாதது. உபகாரச் சம்பளம் வேறு, நிதியுதவி வேறு. முன்னது திறமைக்கு, பின்னது தேவைக்கு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்றவை மதிப்பெண்ணுக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒரு காசும் தருவதில்லை. குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு மிச்சத்தைத் தாங்களே ஏற்கின்றன. இந்த மூன்றோடு எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடின், 2025இல் சேர்வோர் முதல் பிரௌன் என்று ஒரு சில, வெளிநாட்டு மாணவர் பணம் கேட்டார் என்பதற்காக அவரைத் தள்ளிவைப்பதும் இல்லை. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது வேறு கதை. அவ்வளவு பெயரில்லாத கல்லூரிகளில் யார் உண்மையாகப் பணம் தருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதற்கும் விடை இருந்தது. கணக்குப் பிரிவில் இருப்பவளுக்குப் பிடித்த வடிவத்திலேயே இருந்தது. ‘காமன் டேட்டா செட்’ என்று ஓர் அறிக்கை. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான படிவத்தை நிரப்பித் தங்கள் இணையப்பக்கத்தில் போட்டுவிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். பல பக்கம் நீளும். அதில் எச் 6 என்னும் பகுதிக்கு மட்டும் போங்கள். அங்கே மூன்று எண்கள் இருக்கும். கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து எத்தனை வெளிநாட்டு மாணவருக்கு உதவி தந்தது, ஒருவருக்குச் சராசரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. பிறகு முன்பக்கத்தில் பி 2 என்னும் பகுதிக்கு வாருங்கள். மொத்தம் எத்தனை வெளிநாட்டு மாணவர் படிக்கிறார்கள் என்று அங்கே இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள்.

நான் வகுத்தேன். மேலாளர் பெருமையாகச் சொன்ன ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கில் வெளிநாட்டு மாணவர் இருந்தார்கள், உதவி பெற்றவர்களை இரண்டு வேன்களில் ஏற்றிவிடலாம். மாறாக, மத்திய மேற்குப் பகுதியில், எங்கள் மூவருக்கும் பெயரை உச்சரிக்கவே தெரியாத ஒரு சிறு கல்லூரியில் வெளிநாட்டு மாணவரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உதவி பெற்றிருந்தார்கள், சராசரி 50,000 டாலருக்கும் மேல். அந்த எண்ணைப் பார்த்ததும் மூன்றாண்டு அறிக்கைகளை இறக்கிவைத்து ஒப்பிட்டேன். ஓர் ஆண்டு மட்டும் தாராளமாக இருந்துவிட்டு மறு ஆண்டு கையை மூடிக்கொள்ளும் நிறுவனங்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இது மூன்று ஆண்டும் ஒரே சீராக இருந்தது. 62 பெயர் கொண்ட பட்டியலில் இந்தக் கல்லூரி இல்லை. பட்டியலில் உபகாரச் சம்பளங்களின் பெயர்தான் இருந்தது. பெயர் வைக்காமல் பணம் கொடுக்கும் கல்லூரிகள் அதில் எப்படி இருக்கும்?

நிதியுதவிப் படிவத்தை நிரப்புவது தனி வேலை. ‘சிஎஸ்எஸ் புரொஃபைல்’ என்று பெயர். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். ஆறு கல்லூரிகளுக்கு 105 டாலர் கட்டினேன். கட்டணத் தள்ளுபடி கேட்கலாம் என்பதும், சில கல்லூரிகள் இதற்குப் பதிலாகக் கட்டணமில்லாத வேறு படிவத்தை ஏற்கின்றன என்பதும் கட்டியபின் தெரிந்தது. வீட்டின் மதிப்பு, கடன் மிச்சம், சேமிப்பு, தம்பியின் பள்ளிச் செலவு, பாட்டிக்கு ஊருக்கு அனுப்பும் பணம் என்று குடும்பத்தையே உரித்துப் பார்க்கும் கேள்விகள். இங்கேயும் மேலாளர் ஒரு யோசனை சொன்னார்: “சேமிப்புக் கட்டத்தை விட்டுவிடுங்கள், மேடம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?”

வருமான வரி மதிப்பீட்டு அறிக்கையும் வங்கி அறிக்கையும் பிறகு கேட்டார்கள். கேட்காவிட்டாலும் நான் அப்படி நிரப்பியிருக்க மாட்டேன். நாளை மகள் அங்கே இருக்கும்போது ஒரு பொய் வெளிப்பட்டால் படிப்பும் போகும், விசாவும் போகும். 31,400 வெள்ளி இருந்தது, அதை அப்படியே போட்டேன். அது எங்கள் பத்தாண்டுச் சேமிப்பு. டாலரில் மாற்றியபோது இன்னும் சிறுத்துப்போய்த் தெரிந்தது.

மொத்தம் 11 கல்லூரிகள். மார்ச் இறுதிக்குள் முடிவுகள் வந்துவிட்டன. ஏழு மறுப்பு. ஒன்று காத்திருப்போர் பட்டியல், அதுவும் பிறகு இல்லை என்றானது. நிதியுதவிக்கு ‘இல்லை’ என்று போட்டு இடம் கிடைத்த பழைய கல்லூரி ஒன்று. இன்னொரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளம் என்று கடிதம் அனுப்பியது, எல்லைக்கோடெல்லாம் பொன்னிறம். அங்கே ஆண்டுச் செலவு 84,000 டாலர். மிச்சம் 64,000 டாலர், அதாவது அன்றைய மாற்றுவிலையில் ஏறத்தாழ 85,000 வெள்ளி, எங்கள் இருவரின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேல். துணிக்கடைத் தள்ளுபடிக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நிறுவனம் இதைத்தான் ‘எங்கள் மாணவி 80,000 டாலர் வென்றார்’ என்று, நான்கு ஆண்டையும் பெருக்கி, மகளின் படத்தோடு சமூக ஊடகத்தில் போட்டது. எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதவேண்டியிருந்தது. இப்படி வரும் வெற்றிக் கதைகளைப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளை கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

பதினொன்றாவது, அந்த உச்சரிக்கத் தெரியாத கல்லூரி. எல்லாம் போக எங்கள் பங்கு ஆண்டுக்கு 9,800 டாலர். ஏறத்தாழ 13,000 வெள்ளி. விமானச் சீட்டு தனி. கணவர் அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை படித்தார். கட்ட முடியும் என்றார். இயந்திரப் பொறியியல் அங்கே நேரடியாக இல்லை. இயற்பியல் படித்து, மூன்றாம் ஆண்டுக்குப்பின் பொறியியலுக்கு வேறு பல்கலைக்கழகம் மாறும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அங்கே மாறும்போது இதே உதவி கிடைக்குமா என்று இன்னும் எனக்குத் திருப்தியான பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஜெர்மனியையும் பார்த்தோம். அங்கே உபகாரச் சம்பளம் தேடுவதே வீண்வேலை, ஏனென்றால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. விதிவிலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2017 முதல், ஒவ்வொரு பருவத்துக்கும் 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் அவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கு ஓராண்டுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பங்கை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்டவேண்டும், நம் பணத்தில் ஏறத்தாழ 17,000 வெள்ளி. இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். மகள் மொழிக்குத் தயங்கினாள். உங்கள் பிள்ளை தயங்காவிட்டால் இதுதான் மலிவு. ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டிஏஏடியின் இணையப்பக்கத்தில் படிப்புகளைத் தேடலாம், அதுவும் இலவசம்.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியலில் நான் அடித்த 53 தவறுகளையும் எண் போட்டு, எதிரே அந்தந்த இணையப்பக்கத்தின் வரியையும் எழுதி, நான்கு பக்கக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை, என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான் என்று இரண்டாம் கடிதத்தில் குறிப்பிட்டேன். ஐந்தாம் நாள் 1,100 வெள்ளி திரும்பி வந்தது. அதோடு விட்டுவிட்டேன், விசா வேலை வந்துவிட்டதால்.

விசாவும் சுலபமாக இல்லை. 2025 மே மாத இறுதியில் அமெரிக்கா மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதை நிறுத்திவிட்டது. ஜூன் நடுவில் மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்கவேண்டும் என்றார்கள். மூன்று வாரம் நேப்பியர் சாலைத் தூதரகத்தின் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மகளின் கணக்கில் இருந்ததெல்லாம் தீவு முழுவதும் உள்ள மின்தூக்கிப் பொத்தான்களின் படங்கள். அதிகாரி அதைப் பார்த்தாரா என்று தெரியாது. விசா கிடைத்துவிட்டது.

இப்போது புளோக்கில் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள், “அக்கா, நாங்களும் அங்கே போகலாமா?” என்று. கட்டுரைக்கு மட்டும் நல்ல ஆள் கிடைத்தால் மணிக்கணக்கில் பணம் கொடுங்கள், மொத்தமாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன். விண்ணப்பிப்பதற்கே பணம் கேட்கும் உபகாரச் சம்பளம் என்றால் தொடவே வேண்டாம் என்கிறேன். ஆண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன், ஏனென்றால் என் மகன் வரிசையில் இருக்கிறான். தேசிய சேவை இரண்டு ஆண்டு. கல்லூரி இடத்தை ஒத்திவைக்கப் பல கல்லூரிகள் சம்மதிக்கும். பணத்தையும் சேர்த்து ஒத்திவைப்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகளின் கல்லூரிக்கே நான் இப்போதே எழுதிக் கேட்டேன், அவன் இன்னும் உயர்நிலை இரண்டில் இருக்கிறான் என்பதையும் மறைக்காமல். இடத்தை வைத்திருப்போம், நிதியுதவியை அந்த ஆண்டின் வருமானத்தை வைத்து மறுபடி கணக்கிடுவோம் என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து அந்த 4,142 வெள்ளி ரசீதுக்குப் பின்னால் குத்தி வைத்திருக்கிறேன்.